குமிழி மடையும் கோள வால்வும்

பொதிய மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி, நெல்லை நாட்டின் உயிராவாள். கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அவ்வாற்று நீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஆயினும், நீரைத் தேக்கினால் மட்டும் போதாது. தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒருங்கே விளைய, அதனை அளவறிந்து விடுதலும் வேண்டும்.

அதன்பொருட்டு நம் முன்னோர் அமைத்த மடைகளுள் ஒன்று குமிழி மடை. குளத்தினுள்ளே இரு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் உள்ள பலகைக் கல்லில் ஒரு துளை உண்டு. கூம்பு வடிவான அடைப்பு ஒன்று அத்துளையில் பொருந்தியிருக்கும். அதனோடு இணைந்த தண்டினை உயர்த்தினால், நீர் துளையில் இறங்கிக் கரையின் கீழாக வயலுக்குச் செல்லும். சிறிது உயர்த்தினால் சிறிதும், மிக உயர்த்தினால் மிகுதியும் நீர் பாயும்.

இக்காலத்தில் ஆற்றுநீர் குழாய் வழியே வீடுதோறும் வருகின்றது. குழாயில் மடையின் தொழிலைச் செய்வது வால்வு. அதன் வகைகளுள் ஒன்று கோள வால்வு. உருண்டு புடைத்த உடலை உடைமையால் அதற்கு அப்பெயர் வந்தது. உள்ளே ஒரு தடுப்பும், அதில் வட்டமான துளையும் உள்ளன. மரையிட்ட தண்டின் நுனியில் ஒரு தட்டு உண்டு. மேலுள்ள சக்கரத்தை வலமாகத் திருகினால் தட்டு இறங்கித் துளையை அடைக்கும். இடமாகத் திருகினால் உயர்ந்து வழிவிடும். கல்லில் கண்ட முறையே இரும்பிலும் அமைந்திருத்தல் காண்க!

குழாய்நீர் அழுத்தம் மிக்கது. அதனைத் திடீரென மறித்தால், ஓடிவந்த வேகம் சம்மட்டி போலக் குழாயைத் தாக்கும். ஆதலின் வால்வை மெல்ல மூடுதல் வேண்டும். அதன் உடலும் உறுதியாக இருத்தல் வேண்டும். சாதாரண வார்ப்பிரும்பில் கரி செதில் செதிலாகப் படிந்திருத்தலால், பலத்த அடிபட்டால் அது விரிசல் கண்டு உடையும். 1943ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கீத் மில்லிஸ், உருகிய வார்ப்பிரும்பில் சிறிதளவு மக்னீசியத்தைச் சேர்த்தார். கரி சிறுசிறு உருண்டைகளாகத் திரண்டது. இரும்பும் எளிதில் உடையாமல் வளைந்து கொடுக்கும் இயல்பைப் பெற்றது. இன்று பல வால்வுகள் இவ்விரும்பால் வார்க்கப்படுகின்றன.

மடை பழுதுற்றால் கடைமடைப் பயிர் வாடும். வால்வு கசிந்தால் கடைசித் தெருவின் குடம் நிரம்பாது. மாணவர்களே, வீதியில் வால்வு கசியக் கண்டால் உரியவர்க்கு உடனே அறிவியுங்கள். நீரைக் காத்தல், நமக்குப் பின் வரிசையில் நிற்பவரைக் காத்தலாகும்.