தனித்து நிற்கும் குளியற்றொட்டி

மகாவலியில் மூழ்கிக் குளித்துப் பழகிய கம்பளை வாசிகளும் மலைநாட்டுத் தோட்டப் பங்களாக்களில் நான்கு கால்களில் நிற்கும் வார்ப்பிரும்புக் குளியற்றொட்டிகளைக் கண்டிருப்பர். அத்தகையதொன்றை வாங்க விரும்புவோர் அழகை நோக்குமுன் பாரத்தைக் கணக்கிடல் வேண்டும். ஓர் இலீற்றர் நீரின் எடை 1 கிலோகிராம். 200 இலீற்றர் நீரும், 120 கிலோகிராம் தொட்டியும், 60 கிலோகிராம் மனிதரும் சேரின் 380 கிலோகிராம் பாரம் நான்கு சிறு கால்களில் இறங்கும்.

பழைய வீட்டின் பலகை மாடி இதனைத் தாங்குமா? ஐயம் எழுமாயின், நிலத்தின்மீதமைந்த கீழ்த்தளமே தக்கது. அக்கிரிலிக் தொட்டி இலேசானதே. ஆயினும் நீரின் பாரம் குறைவதில்லை.

சுவரினின்று ஒரு சாண் விலக்கி, கழிவுநீர்க் குழாய்க்கு அண்மையில் வைத்தால் ஈரம் துடைத்தல் எளிது. முதியோர் பற்றி எழச் சுவரில் ஒரு கைப்பிடியும் அமைப்பீர்களாக. வீட்டின் அழகினும் வீட்டாரின் நலனே முதன்மையானது அன்றோ?