டிஸ்சார்ஜ் ஆகும்முன் கேட்க வேண்டிய கடிதம்

ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வந்தவரை, "அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும் குடும்பங்களைக் கிள்ளானில் அடிக்கடி பார்க்கிறேன். சோறு ஊட்டுகிறார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள், தைலம் போட்டு உருவிவிட ஆளும் பிடிக்கிறார்கள். பிசியோதெரபிக்கு மட்டும் போவதில்லை. முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் ஓட்டம்.

தசை அதுவரை காத்திருக்காது. 2013இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில், கடும் நோயாளிகளின் தொடைத்தசை முதல் 10 நாளிலேயே ஏறக்குறைய 18 விழுக்காடு மெலிந்திருந்தது. ஆகவே, "பிசியோ எப்போது தொடங்கும்?" என்று ஐசியு மருத்துவரிடமே கேளுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கும் கை கால் மூட்டுகளை மடக்கி நீட்டிவிடுவார்கள். நினைவு தெளிந்து, இரத்த அழுத்தம் சீராக இருந்தால், சுவாசக் குழாயோடேயே கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைப்பதும் உண்டு. அதற்காக நீங்களே தூக்கி உட்கார வைக்காதீர்கள். குழாய் பிடுங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாத்திரைப் பை கைக்கு வந்ததும் காரை எடுக்கப் போய்விடுகிறார்கள். டிஸ்சார்ஜ் அறிக்கை, பிசியோதெரபிப் பிரிவுக்கான 'சூராட் ருஜுக்கான்' எனும் பரிந்துரைக் கடிதம், தேதி குறித்த அட்டை, இவை கையில் இருக்கின்றனவா? வார்டு நெரிசலில் மருத்துவர் மறந்திருப்பார், கேட்டால்தான் எழுதுவார். கடிதம் இல்லாமல் வார்டைவிட்டு நகராதீர்கள். நீண்ட நாள் பயிற்சி தேவைப்படுபவரைச் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்றும் கேளுங்கள். எழுந்து வரவே முடியாதவர்களுக்கு, அரசாங்கக் கிளினிக் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கும் டொமிசிலியரி சேவை உண்டு. அதற்கும் கடிதம்தான் வழி. பணமுடை என்றால் மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் அன்றே சொல்லிவிடுங்கள்.

வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டவர் என்றால் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை மறக்காதீர்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்பார், விடாதீர்கள். சாலை விபத்துக்குப் போலீஸ் புகார், எம்.சி., மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு பெர்கேசோ அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். மலாக்காவில் உள்ள துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் பெர்கேசோ சந்தாதாரர்களுக்காகவே கட்டப்பட்டது. அங்கே இடம் உண்டா என்று அதே கவுண்டரில் கேளுங்கள்.

வீட்டுக்கு வரும் தனியார் பிசியோவிடம், துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 774ஆம் சட்டப்படி பதிந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.