நாடகத் தயாரிப்பாளராகப் பம்மல் சம்பந்த முதலியார்: சுகுண விலாச சபையை முன்வைத்து

முன்னுரை

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். எனவே, தமிழ் நாடக வரலாறு அவரைப் பெரிதும் நாடகாசிரியராகவே மதிப்பிடுகிறது. எனினும், ஆள், பொருள், ஒத்திகை, அரங்கு ஆகியவற்றை ஒருங்கிணைத்த தயாரிப்பாளர் என்னும் நிலையிலேயே அவரது பங்களிப்பு தனித்தன்மை பெறுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபையின் தோற்றம்

அவர் பெயரோடு இணைந்த பம்மல், பூவிருந்தவல்லிக்குத் தெற்கே, பல்லாவரத்தையும் குன்றத்தூரையும் இணைக்கும் சாலையில் உள்ள ஊராகும். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவினர் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்கள் அவருக்குத் தூண்டுதலாயின. கற்றோர் மேடையேறுதல் இழிவன்று என்பதை அவை உணர்த்தின. 1891ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சுகுண விலாச சபை தொடங்கப்பெற்றது.

தயாரிப்பு முறை

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சார்ந்திருந்த தொழில்முறைக் குழுக்கள் நுழைவுச்சீட்டு வருவாயை நம்பி இயங்கின. சபையோ உறுப்பினர் சந்தாவைத் துணையாகக் கொண்டது. நடிப்பு உறுப்பினர்களின் பிழைப்பாக இல்லாமையால், புதிய முயற்சிகளின் இழப்பைத் தாங்குதல் எளிதாயிற்று. உரைநடை உரையாடலுக்கு முதன்மை அளித்தல், விடிய விடிய நிகழும் ஆட்டத்தைச் சில மணி நேரத்திற்குள் சுருக்குதல், சேக்சுபியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை ‘அமலாதித்யன்’ எனத் தழுவுதல் ஆகியன அத்தகைய முயற்சிகள். ‘மனோகரா’ உள்ளிட்ட நாடகங்கள் விக்டோரியா பொது மண்டபத்தில் அரங்கேறின. சபை இலங்கைக்கும் சென்று நடித்தது; அங்குக் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் குருவாகப் போற்றினார்.

மதிப்பும் விலையும்

வழக்குரைஞராக விளங்கி, 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றிய ஒருவர் அரிதாரம் பூசியமை நாடகத்தின் சமூக மதிப்பை உயர்த்தியது. ஆயினும், அம்மதிப்பு நடிப்பையே வாழ்வாகக் கொண்ட கலைஞர்களுக்குச் சமமாகக் கிட்டவில்லை. பாலாமணி அம்மாள் மகளிரைக் கொண்டே குழு நடத்திய காலத்தில், சபையின் பெண் வேடங்களை வழக்குரைஞர் ரங்கவடிவேலு போன்ற ஆடவரே ஏற்றனர் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

1959இல் பத்மபூஷண் விருது பெற்ற சம்பந்தனாரின் சாதனை, நாடகத்தை நிலைபெறச் செய்யும் நிறுவன அமைப்பொன்றை உருவாக்கியதாகும். அவ்வமைப்பு யாரை உள்ளே கொணர்ந்தது, யாரை வெளியே நிறுத்தியது என்னும் இரண்டையும் சேர்த்து ஆராயும்போதே அவர் பணி முழுமையாக விளங்கும்.