காசநோய் மாறிய பின்னர் நுரையீரல் புற்றுநோய்: பழைய தழும்பை ஏன் மறைக்கக் கூடாது?

ஆறு மாதம் மருந்து குடித்துக் காசநோயிலிருந்து குணமடைந்தவர்களில் பலர், அதன் பின்னர் அந்த நோயின் பெயரைக்கூட உச்சரிக்க விரும்புவதில்லை. கலியாணப் பேச்சு, தொழில், அயலவரின் பார்வை என்று அதற்குக் காரணங்கள் பல. வேறு வருத்தத்திற்காகச் சந்திக்கும் வைத்தியரிடமும் அதை மறைப்பவர்கள் உண்டு. ஆனால் வைத்தியர் அறிந்திருக்க வேண்டிய தகவல் அது. காசநோய் வந்துபோன நுரையீரலில் புற்றுநோய் உருவாகும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இலங்கையில் வழமையான ஆண்டொன்றில் 8,000 முதல் 9,000 வரையான காசநோயாளர்கள் கண்டறியப்படுகின்றனர். இவர்களில் பெரும்பாலானோர் குணமடைகின்றனர் என்பதால், 'முன்னர் காசநோய் இருந்தவர்' என்ற வகையினரின் தொகை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகின்றது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

தாய்வானில் ஏழு இலட்சத்திற்கும் அதிகமானோரின் மருத்துவக் காப்புறுதிப் பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. ஆண்டொன்றில் 10,000 பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டபோது, காசநோய் இருந்தவர்களில் சுமார் 26 பேருக்கும் ஏனையோரில் 2 அல்லது 3 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் ஏற்பட்டிருந்தது. பார்வைக்கு இது 11 மடங்கு. ஆனால் காசநோயாளர்களில் வயதானவர்களும் ஏற்கெனவே நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களும் அதிகம். அந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது ஆபத்து மூன்று மடங்கு அளவில் நின்றது.

பழி முழுவதையும் புகைத்தல்மீது போட்டுவிடலாமா? முடியாது. ஒருபோதும் புகைக்காதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பிலும், காசநோய் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகவே இருந்தது.

இதை அளவோடு விளங்கிக்கொள்ள வேண்டும். தாய்வான் கணக்கின்படியும், காசநோய் இருந்த 10,000 பேரில் 9,970இற்கும் அதிகமானோருக்கு அந்த ஆண்டில் புற்றுநோய் வரவில்லை. ஆகவே பயந்து ஒடுங்கத் தேவையில்லை. ஆனால் அலட்சியத்திற்கும் இடமில்லை.

தழும்பில் நடப்பது

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்ததும் உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் அதைச் சுற்றிவளைத்துச் சிறு முடிச்சுகளாக அடைத்து வைக்கின்றன. இந்தப் போராட்டம் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கிருமியைக் கொல்ல வெளியேறும் இரசாயனங்கள் அருகிலுள்ள நல்ல கலங்களின் மரபணுவையும் சேதப்படுத்துகின்றன. சிதைந்த இடத்தை நிரப்பக் கலங்கள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் பிழை நேர வாய்ப்புண்டு. அத்தகைய பிழைகள் சேர்ந்து, கட்டுப்பாடின்றிப் பெருகும் கலம் ஒன்று தோன்றினால் அதுவே புற்றுநோயின் தொடக்கம். இதன்மேல் சிகரெட், பீடிப் புகையும் சேருமானால் சேதம் பன்மடங்காகும்.

ஒரே அறிகுறிகள், இரண்டு நோய்கள்

தொடர் இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிதல், நெஞ்சு நோ, களைப்பு ஆகியவை காசநோய்க்கும் உரியவை, நுரையீரல் புற்றுநோய்க்கும் உரியவை. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் நிழலாகவே தெரியும். முன்னர் காசநோய் இருந்தவருக்கு மீண்டும் இருமல் வந்தால், "பழைய நோய்தான் திரும்பிவிட்டது" என்று வீட்டாரும் நோயாளியும் எண்ணிக்கொள்வது இயல்பு. சளியில் கிருமி உறுதிப்படாமல் காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, மாதங்கள் கடந்த பின்னர் புற்றுநோய் எனத் தெரியவந்த சம்பவங்கள் தெற்காசிய நாடுகளில் பல பதிவாகியுள்ளன. சத்திரசிகிச்சையால் அகற்றியிருக்கக்கூடிய கட்டி அந்த மாதங்களில் பரவிவிடலாம்.

மறுபுறமும் உண்டு. புற்றுநோய்க்கான மருந்துகள் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், உறங்கிக்கிடந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். எனவே புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும் முன்னரும் பழைய காசநோய் பற்றி வைத்தியரிடம் சொல்வது அவசியம்.

செய்ய வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்திற்கோ செல்லுங்கள். அங்கு சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். முன்னர் காசநோய் இருந்தால், எந்த ஆண்டில் வந்தது, மருந்தை முழுமையாகக் குடித்தீர்களா என்பதைக் கேட்காமலே கூறுங்கள்.

பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாதீர்கள். பல ஆண்டுகளாக மாறாதிருக்கும் தழும்பையும் புதிதாக வளரும் கட்டியையும் பிரித்தறிய, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுவதே எளிய வழி. சளியில் கிருமி இல்லையென்றாலோ, மருந்து குடித்தும் குணம் தெரியாவிட்டாலோ, சி.ரி. ஸ்கான், சுவாசக்குழாய் உட்காட்டிப் பரிசோதனை, திசுப் பரிசோதனை ஆகியவை தேவையா என வைத்தியரிடம் கேளுங்கள்.

புகைப்பவர் இன்றே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே காயப்பட்ட நுரையீரலுக்கு ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். மற்றையது, தொடங்கிய காசநோய் மருந்தை இடையில் விடாதிருப்பது. நோய் எவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் மாறுகிறதோ, அவ்வளவுக்கு நுரையீரலில் எஞ்சும் தழும்பும் குறையும்.