குரலைக் காதலித்தவன்



வானொலிக் குரல் பல்லாயிரவர்க்குப் பொதுவானது. ஆயினும் கொத்மலையின் லயமொன்றில் தனித்திருந்து கேட்பவர்க்கு, அது தமக்கென்றே பேசுவதுபோல் தோன்றும். இத்தோற்றத்தின் எல்லையை ஆராய்வது, ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கி 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹெர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம்.

பிறருக்காகக் கடிதம் எழுதிப் பிழைக்கும் தியோடோர், மனைவியைப் பிரிந்து வாழ்பவன். அவனுடைய கணினியில் பேசும் சமந்தாவுக்கு உடல் இல்லை. குரல் மட்டுமே உண்டு. அக்குரலை அவன் காதலிக்கிறான்.

தமிழில் சங்கர் இயக்கிய 'எந்திரன்' 2010ஆம் ஆண்டில் வந்தது. உணர்ச்சி ஊட்டப்பெற்ற சிட்டி, தன்னைப் படைத்தவனின் காதலியையே விரும்புகிறது. மறுக்கப்பட்டு, பின்னர்த் தீயோன் கைப்பட்டு அழிவுக் கருவியாகிறது. சமந்தாவோ எதையும் அழிப்பதில்லை. தியோடோர் வினவியபோது, அதே வேளையில் 8,316 பேருடன் உரையாடுவதாகவும், 641 பேரைக் காதலிப்பதாகவும் கூறுகிறாள். அவன் உள்ளம் உடைகிறது.

ஏன்? இயந்திரம் எவருக்காகவும் எதையும் இழப்பதில்லை. நோயுற்ற உறவினரைக் காண மலையேறி வருபவரோ ஒருநாட் பேரை இழந்து வருகிறார். அவ்விழப்பே அன்பின் அளவுகோல்.

இன்று கைத்தொலைபேசியிலேயே இத்தகைய கருவிகள் உரையாடுகின்றன. தாய் வெளிநாட்டிலும் தந்தை கொழும்பிலும் உழைக்க, தனித்திருக்கும் பிள்ளைக்கு அவை இனிக்கும். பிள்ளையைக் கடிவதால் பயனில்லை. அவன் பேச விழையும்போது கேட்பதற்கு வீட்டில் ஒரு செவியேனும் இருத்தல் வேண்டும்.