மகரந்தம்: சொல்லும் பொருளும்

பூவின் கேசரத்து நுனியிலுள்ள கூடு முதிர்ந்து வெடிக்கும்போது வெளிப்படும் நுண்டுகளை மகரந்தம் என்பர் தாவரவியலார். பாடசாலை மாணவர் யாவரும் அறிந்த சொல் இது. ஆயினும், இச்சொல் பிறந்த வடமொழியில் அதன் முதற்பொருள் துகளன்று. பூவில் ஊறும் தேனே ஆகும். துகளை வடமொழியாளர் பராகம் என்றனர். பிறந்த மொழியில் நீர்மத்தைக் குறித்த சொல், புகுந்த மொழியிற் பொடியைக் குறிப்பதாயிற்று. இம்மாற்றத்தை அறியாதார்க்கு இலக்கியத்திலும் அறிவியலிலும் இடர்ப்பாடு நேர்தல் கூடும்.

அயன்மொழிகளை நோக்கின் இது தெளிவாகும். சிங்கள மாணவர் பூந்துகளைப் பராக என்றே படிக்கின்றனர். இந்தியிலும் அச்சொல்லே வழங்குகின்றது. மலையாளத்தார் பூம்பொடி என்றும் கூறுவர். தெலுங்கிலும் கன்னடத்திலும் மகரந்தம் எனின் தேனையே கொள்வர். இலங்கைத் தாவரவியற் சொற்களுள் ஒன்றாகிய கேசரமும் இத்தகைய வரலாறு உடையதே. மயிரையும் சிங்கத்தின் பிடரியையும் குறித்த அச்சொல், பூவினுள் மயிர்போல் நிற்கும் உறுப்புக்கு ஆயிற்று. தமிழகத்துப் பாடநூல்கள் அவ்வுறுப்பை மகரந்தத் தாள் என்கின்றன.

இனி, தமிழில் முன்னரே வழங்கிய சொற்கள் யாவை? தாது, பூந்தாது, கொங்கு என்பன அவற்றுட் சில. இவையும் ஒருபொருளில் நின்றனவல்ல. கொங்கு என்பது பூந்துகளையும் தேனையும் நறுமணத்தையும் குறிக்கும். தாது என்பது துகளைக் குறிப்பதோடு பூவிதழையும் தேனையும் குறிக்கும். வண்டு ஒரே பூவில் இரண்டையும் பெறுதலின், காண்போர் அவற்றை ஒருசேர எண்ணியமை இயல்பே. மேலும், மண்ணில் அகழ்ந்தெடுப்பதும் தாது. உடலை ஆக்குவதும் தாது. பௌத்தர் விகாரைகளிற் போற்றுவதும் தாது. மகரந்தம் என்னும் சொல்லுக்கு இத்தகைய பல்பொருட் சுமை இல்லை. கலைச்சொல்லுக்கு அஃது ஒரு நன்மையாகும்.

மேனாட்டாரும் இத்துகளின் தொழிலை நெடுங்காலம் ஐயமற அறிந்திலர். இலத்தீனில் நுண்ணிய மாவைக் குறித்த சொல்லே ஆங்கிலத்தில் பூந்துகளுக்குப் பெயராயிற்று. ஆமணக்கின் ஆண்பூக்களை அகற்றிவிடின் விதை விளைவதில்லை என்பதைச் செருமானிய அறிஞர் கமராரியசு 1694 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின்னரே இம்மாவின்றிக் கருவில்லை என்னும் உண்மை நிலைபெறத் தொடங்கிற்று.

ஆகவே, பழைய செய்யுளில் மகரந்தம் என்றோ தாது என்றோ வரின், அதனோடு வரும் வினையை நோக்குக. பருகுதல், ஊறுதல், ஒழுகுதல் என்பன வரின் தேன் எனக் கொள்ளலாம். உதிர்தல், படிதல், அளைதல் என்பன வரின் துகள் எனக் கொள்ளலாம். ஊதுதல், உண்ணுதல் போன்றன இரண்டற்கும் பொருந்துமாகலின், ஆங்கு முன்பின் சொற்களே துணை.

அறிவியலில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. தேனீ பூந்தேனைக் குடித்து வந்து, நீர் வற்றச் செய்து தேனாக்குகின்றது. மகரந்தத்தையோ பின்னங்காற் கூடைகளில் திரட்டி வந்து புழுக்களுக்கு உணவாக்குகின்றது. மகரந்தமே தேனாகின்றது என எழுதும் மாணவன் இரு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகின்றான்.

மீன்பாடும் தேனாடு எனப் புகழ்பெற்ற மட்டக்களப்பில் இதனைக் கண்கூடாகக் காணலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிற் பயிராகும் சோளனில் தேன் இல்லை. மகரந்தம் மிகுதியாக உண்டு. உச்சிப் பூங்கொத்திலிருந்து காற்று உதிர்க்கும் துகள் கதிரின் நூல்களிற் படிகின்றது. துகள் படியாத நூலுக்குரிய இடத்தில் மணி விளையாது. நெற்பூவிலும் தேன் இல்லை. ஆறு கேசரங்கள் உண்டு. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பூசணியின் நிலை வேறு. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். மகரந்தம் கனத்துப் பிசுபிசுப்பாக இருத்தலின் காற்றோடு செல்லாது. தேனை நாடிவரும் தேனீயே அதனைப் பெண்பூவிற் சேர்க்கும். பூக்கள் விரிந்திருக்கும் காலை வேளையிற் பூச்சிகொல்லி தெளிப்போர் தேனீயைக் கொன்று தம் விளைவையும் குறைத்துக்கொள்கின்றனர். கருவுறாத பிஞ்சு வெம்பி வீழ்கின்றது. தேன் கூலி, மகரந்தம் சுமை, தேனீ சுமையாள் என்பதை உணர்ந்த உழவன் அப்பிழை செய்யான்.

வாவிநாட்டின் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1936 இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சொல்லின் வரலாற்றையும் பொருளின் இயல்பையும் ஒருங்கு காணும் நெறிக்கு அவர் வாழ்வு சான்றாகும். அந்நெறியில் நோக்கின், நிலைபெற்றுவிட்ட மகரந்தம் என்னும் சொல்லை இன்று மாற்றுதல் வேண்டா. கலைச்சொல்லின் பொருளை வரையறுப்பது வழக்கேயாம். ஆயினும், அச்சொல்லைக் கற்பிக்கும்போது ஒரு பூவை விரித்து, துகள் இது, தேன் இது எனக் காட்டுதல் ஆசிரியர் கடன். அங்ஙனம் கண்ட மாணவனுக்குச் செய்யுளும் பயிர்நிலமும் ஒருங்கே விளங்கும்.