இடிக்கவிருந்த கட்டடம் சேர்த்து வைத்தது

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. வேகமாக வளரும் நிறுவனங்களுக்கு அந்த ஆராய்ச்சியும் அதில் பழகிய இளையர்களும் தேவை. இருந்தும் இரு தரப்பும் எளிதில் கைகோப்பதில்லை. ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகச் சில மாதங்கள் ஆனாலும் பல்கலைக்கழகத்திற்குப் பெரிய நட்டமில்லை. ஐந்தாறு பேர் நடத்தும் நிறுவனத்திற்கோ அதற்குள் கையிருப்பே கரைந்துவிடும். இந்த இடைவெளியைக் குறைப்பதில் ஒரு நகரத்திற்கு என்ன பங்கு உண்டு? சிங்கப்பூரின் ஆயர் ராஜா வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தை ஒட்டி 1980களிலேயே அறிவியல் பூங்கா அமைந்தது. அடுத்து, சுமார் 200 ஹெக்டர் பரப்பில் ஒன்-நார்த் திட்டம் 2001ல் தொடங்கியது. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே சிங்கப்பூர் இருப்பதால் இந்தப் பெயர். பெருந்திட்டத்தை வரைந்தவர் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதித். 2003ல் பயோபொலிஸ், 2008ல் ஃபியூஷனோபொலிஸ் எனக் கோபுரங்கள் எழுந்தன. பார்க்க அழகுதான். ஆனால் படிப்பு முடித்த கையோடு தொழில் தொடங்குபவருக்குப் புத்தம் புதிய கட்டடத்தின் வாடகை எங்கே கட்டுப்படியாகும்?

அவர்களுக்குக் கைகொடுத்தது புளோக் 71. இடிக்கப்படவிருந்த பழைய அடுக்குமாடித் தொழிற்சாலை அது. தேசியப் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைப்புப் பிரிவும் சிங்டெலின் முதலீட்டுப் பிரிவும் அப்போதைய ஊடக வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து 2011ல் அதைப் புதிய நிறுவனங்களின் இருப்பிடமாக்கின. தொழிற்பேட்டைகளை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ஜேடிசி அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வட்டப் பாதையின் கெண்ட் ரிட்ஜ், ஒன்-நார்த் ரயில் நிலையங்கள் திறக்கப்பட்டன. இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். காலையில் விரிவுரை, பிற்பகலில் நிறுவனத்தில் வேலை என்பது மாணவர்களுக்குச் சாத்தியமானது. மானியத்தைப் பற்றிப் பேசுவோர் ஏனோ இந்த ஒரு நிலையத் தூரத்தைப் பேசுவதில்லை. பின்னர் 73, 79 ஆகிய புளோக்குகளும் சேர்ந்து கொண்டன. புளோக் 71 என்ற பெயரிலேயே சான்ஃபிரான்சிஸ்கோவிலும் ஜகார்த்தாவிலும் கிளைகள் பிறந்தன.

கட்டடம் மட்டும் போதுமா என்றால் போதாது. தேசியப் பல்கலைக்கழகம் 2001லேயே வெளிநாட்டுக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கி, சிலிக்கான் பள்ளத்தாக்கு போன்ற இடங்களிலுள்ள சிறு நிறுவனங்களுக்கு மாணவர்களை வேலை பழக அனுப்பி வந்தது. 2012ல் கரோசல் நிறுவனத்தைத் தொடங்கிய இளையர்கள் அப்படிப் போய் வந்தவர்களே. பத்தாண்டுக்கு முன்பே ஆட்களைத் தயார் செய்யத் தொடங்கியிருந்ததால்தான் பழைய தொழிற்சாலை காலியாகக் கிடக்கவில்லை. கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பிற நகரத்தார் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சிக்கல் எழுவது நிறுவனம் வளரும்போது. நான்கு மேசையுடன் தொடங்கியவர்கள் நாற்பது பேரானதும் பெரிய இடம் தேடுகிறார்கள். அருகில் கட்டுப்படியாகும் இடம் இல்லாவிட்டால் தீவின் மறுகோடிக்குப் போக வேண்டியதுதான். பிறகு பேராசிரியரைப் பார்க்க அரை நாள் விடுப்பு வேண்டும். பகுதிநேரமாக வந்துபோன மாணவரும் நின்றுவிடுவார். சின்னஞ்சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்குவதைப் போல, நடுத்தர அளவுக்கு வளர்ந்தவற்றுக்கும் சில மாடிகளைக் குறுகிய காலக் குத்தகைக்கு நகரம் அருகிலேயே வைத்திருக்க வேண்டும். நிலம் அரசின் கையில் இருக்கும் ஊரில் இதைச் செய்ய முடியும்.